கிணற்றுக்கு ஒரு பூட்டு

திண்டுக்கல் சமவெளியில் கோடை பிறந்துவிட்டால் இரவிலும் ஓயாத ஓர் ஓசை கேட்கத் தொடங்கும். வேடசந்தூர், குஜிலியம்பாறை, ரெட்டியார்சத்திரம் என எந்தப் பக்கம் சென்றாலும் ஏதோ ஒரு தோட்டத்தில் இரண்டு லாரிகள் நிற்கும். ஒன்றின் மேல் இரும்புக் கோபுரம் நிமிர்ந்திருக்கும். மற்றொன்றில் துளையிடும் தண்டுகள் அடுக்கப்பட்டிருக்கும். சாம்பல் நிறப் பாறைத்தூள் புகைபோல் எழுந்து பக்கத்து முருங்கை மரங்களின் மேல் படியும். 'போர் போடுவது' என்று மக்கள் இதைச் சொல்கிறார்கள். காலையில் தொடங்கிய வேலை மறுநாளைக்குள் முடிந்து, ஐந்நூறு, அறுநூறு அடி ஆழத்தில் ஒரு துளை உருவாகிவிடும். தண்ணீர் கிடைத்தால் மோட்டார் இறங்கும். கிடைக்காவிட்டால் லாரிகள் புறப்பட்டுப் போகும். துளை அங்கேயே இருக்கும்.

அந்தத் துளையைப் பற்றி எழுதத்தான் இந்தக் கட்டுரை. ஆனால், அதைப் புரிந்துகொள்ள எண்ணெய்க் கிணறுகளின் வரலாற்றைச் சற்றுச் சுற்றிவர வேண்டியிருக்கிறது. ஏனெனில், பூமியைத் துளைக்கும் கருவிகளின் கதையில் இரண்டு பாதிகள் உண்டு. துளைப்பது ஒரு பாதி. துளைத்ததை அடக்கி மூடுவது மறு பாதி. எண்ணெய்த் தொழில் இரண்டையும் கற்றது; இரண்டாவதை உயிர்களை விலையாகக் கொடுத்துக் கற்றது. நம் தோட்டங்களுக்கு முதல் பாதி மட்டுமே வந்து சேர்ந்திருக்கிறது.

துளைக்கும் கலை எண்ணெயைவிட மிகப் பழையது. சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் உப்புநீருக்காக மூங்கில் சாரம் கட்டி, கனத்த இரும்பு உளியைக் கயிற்றில் தூக்கித் தூக்கிப் போட்டுத் துளையிட்டார்கள். அங்குள்ள சிகோங் நகரின் ஷென்ஹாய் கிணறு 1835இல் 1,001 மீட்டர் ஆழத்தை எட்டியது. நீராவி எந்திரமோ மின்சாரமோ அதற்குத் தேவைப்படவில்லை. மனிதர்களின் கால்வலியும் பொறுமையும் போதுமானவையாக இருந்தன.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1859 ஆகஸ்டில் எட்வின் டிரேக் எண்ணெய் கண்ட கிணற்றின் ஆழம் வெறும் 69.5 அடி. உலக எண்ணெய்த் தொழிலின் தொடக்கமாகச் சொல்லப்படும் அந்தக் கிணற்றைத் துளைத்தவர் வில்லியம் ஸ்மித் என்ற கொல்லர். உப்புக் கிணறுகளுக்குக் கருவி அடித்துக்கொடுத்துப் பழகியவர். டிரேக் செய்த முக்கியமான காரியம் எண்ணெயைக் கண்டதல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது. மேல்மண் சரிந்து துளையை அடைத்துக்கொண்டே இருந்தபோது, இரும்புக் குழாயைப் பாறை வரைக்கும் அடித்து இறக்கி, அதற்குள்ளே துளையிடலாம் என்று அவர் கண்டுகொண்டார். இன்று நம் ஊரில் 'கேசிங் பைப்' இறக்குகிறார்களே, அதுவும் இந்தக் கருத்தின் வழிவந்ததுதான்.

உளியைத் தூக்கிப் போடும் முறை மெதுவானது. சுழற்றித் துளைக்கும் முறை வேகமானது. ஆனால், மீன்வால் வடிவிலான பழைய அலகுகள் கடினப் பாறை வந்ததும் மழுங்கி நின்றுவிடும். 1909இல் மூத்த ஹோவர்ட் ஹியூஸ் காப்புரிமை பெற்ற அலகில் பற்கள் கொண்ட இரண்டு கூம்புகள் ஒன்றையொன்று ஒட்டி உருண்டன. பாறையைச் சுரண்டாமல் நொறுக்கின. 1933இல் அவருடைய நிறுவனப் பொறியாளர்கள் அதனை மூன்று கூம்புகளாக்கினர். எண்ணெய்த் தொழிலை ஆழத்துக்கு அழைத்துச்சென்றதில் இந்தச் சிறு இரும்புத் துண்டுக்குப் பெரும்பங்கு உண்டு.

அதோடு சேர்ந்து வந்ததுதான் சேறு. 1901இல் டெக்சாஸின் ஸ்பிண்டில்டாப் மேட்டில் துளையிட்டவர்கள், மணல் சரிவைத் தடுக்க ஒரு குட்டையில் மாடுகளை விட்டு மிதிக்கவைத்துச் சேறு குழப்பி, அதைத் துளைக்குள் செலுத்தினார்கள் என்று சொல்வார்கள். மண்சுவர் எழுப்பிய நம் முன்னோருக்கு இதில் வியப்பு ஒன்றும் இருந்திருக்காது. இன்று அந்தச் சேறு ஒரு தனி அறிவியல். கீழிருந்து தள்ளும் வாயுவின் அழுத்தத்தை மேலிருந்து தன் எடையால் அமுக்கிப் பிடிக்கும் வேலை சேற்றினுடையது. அதற்கு எடை கூட்டும் பேரைட்டு கனிமம் ஆந்திரத்தின் கடப்பைப் பகுதியிலுள்ள மங்கம்பேட்டையில் பெருமளவில் வெட்டப்பட்டு, உலகின் பல எண்ணெய்க் கிணறுகளுக்குச் செல்கிறது.

தண்ணீர்க் கிணற்றுக்கு வருவோம். திண்டுக்கல் வட்டாரத்தின் அடித்தளம் கருங்கல். நகரின் நடுவே நிற்கும் கோட்டைப் பாறையே அதற்குச் சாட்சி. தஞ்சைப் படுகையைப்போல் மணலும் வண்டலும் அடுக்கடுக்காய்க் கிடக்கும் நிலமன்று இது. இங்கே நீர் இருப்பது சிதைந்த மேல்பாறையிலும் அதன் கீழுள்ள விரிசல்களிலும்தான். கமலை கட்டி இறைத்த காலத்தில் கிணறு வெட்டுவது ஆண்டுக்கணக்கில் நீளும் வேலை. கடப்பாரையும் வெடிமருந்துமாக அறுபது, எழுபது அடி இறங்குவதற்குள் ஒரு குடும்பத்தின் சேமிப்பு கரைந்துவிடும். அந்தச் சிரமமே நீருக்கு ஒரு வேலியாகவும் இருந்தது.

அந்த வேலியை உடைத்தது காற்றுச் சம்மட்டி. 1950களில் புழக்கத்துக்கு வந்த இந்தக் கருவியில் சம்மட்டி தரைக்கு மேலே இல்லை; துளையின் அடியில், அலகுக்கு நேர் பின்னே இருக்கிறது. கம்ப்ரஸர் அனுப்பும் அழுத்தக் காற்று தண்டுகளின் உள்ளே இறங்கி, ஒரு பிஸ்டனை நிமிடத்துக்கு ஆயிரம் முறைக்கும் மேலாக அடிக்கச் செய்கிறது. டங்ஸ்டன் கார்பைடு குமிழ்கள் பதித்த அலகு பாறையைப் பொடியாக்குகிறது. வேலை முடித்த அதே காற்று பொடியை மேலே ஊதித் தள்ளுகிறது. எத்தனை ஆழம் போனாலும் அடியின் வலு குறைவதில்லை என்பதுதான் இதன் சிறப்பு. 1960களின் நடுப்பகுதியில் வட இந்தியாவை வறட்சி வாட்டியபோது, 1967இல் யுனிசெஃப் அமைப்பு இத்தகைய எந்திரங்களை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. பின்னர் வந்த 'இந்தியா மார்க் 2' கைப்பம்பு, இந்தத் துளைகளிலிருந்து குடிநீரை ஊர்களுக்குக் கொடுத்தது. அந்தத் தொழில்நுட்பம் எத்தனையோ ஊர்களை வாந்திபேதியிலிருந்தும் தொலைதூர நடையிலிருந்தும் காத்தது என்பதை மறக்கக் கூடாது.

பிறகு திருச்செங்கோடு வந்தது. நாமக்கல் மாவட்டத்தின் இந்த ஊரிலிருந்து புறப்படும் போர் வண்டிகள் இந்தியா முழுவதும், ஆப்பிரிக்க நாடுகளிலும்கூடத் துளையிடுகின்றன. ஒருபுறம் எந்திரம் கைக்கெட்டியது. மறுபுறம் 1990 முதல் தமிழ்நாட்டில் வேளாண் பம்புசெட்டுகளுக்கு முழுவதும் இலவச மின்சாரம் கிடைத்தது. நீர்மூழ்கி மோட்டார்கள் பெருகின. அறுபது அடிக் கிணற்றின் அடியிலேயே போர் போட்டார்கள். பிறகு முந்நூறு அடி, அறுநூறு அடி, ஆயிரம் அடி என்று இறங்கினார்கள். கடினப் பாறையில் ஆழம் கூடக்கூட விரிசல்கள் இறுகிப் போகின்றன. நீர் கிடைக்கும் வாய்ப்பும் குறைகிறது. ஆகவே, தோல்வியடையும் துளைகளின் எண்ணிக்கை பெருகியது.

இனி மறு பாதி. ஸ்பிண்டில்டாப்பில் 1901 ஜனவரி 10 அன்று எண்ணெய் நூறு அடிக்கும் மேலாகப் பீறிட்டு எழுந்தது. அதை அடக்க ஒன்பது நாள்கள் ஆயின. அக்காலச் செய்தித்தாள்கள் அதை வெற்றி ஊற்றாகக் கொண்டாடின. களத்தில் வேலைசெய்தவர்களுக்கோ அது எந்த நொடியும் தீப்பற்றக்கூடிய மரணம். அப்படியொரு பீறிடலில் உயிர்தப்பிய ஜேம்ஸ் ஆபர்கிராம்பி என்ற துளையீட்டாளர், ஹாரி கேமரன் என்பவரின் பட்டறைக்குப் போய், தரையில் கிடந்த மரத்தூளில் விரலால் ஒரு படம் வரைந்தாராம். 1922இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1926இல் அதைப் பெற்றார்கள். பீறிடல் தடுப்பான் பிறந்த கதை இது.

அதன் உட்கருத்து எளிமையானது. கிணற்றின் வாயில் ஒரு கனத்த எஃகுக் கூடு. இருபுறமும் இரண்டு எஃகுக் கட்டைகள், முனையில் ரப்பர். ஆபத்து நேரும்போது இரண்டும் எதிரெதிரே நகர்ந்து குழாயை இறுக்கிக் கவ்வி, சுற்றியுள்ள இடைவெளியை அடைத்துவிடும். பின்னாளில் குழாயையே வெட்டித் துண்டித்து மூடும் கத்திக் கட்டைகளும் சேர்ந்தன. இரட்டைக் கதவின் குறுக்கே தாழ்ப்பாள் விழுவதைப் போன்றதுதான். திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் தலைமுறை தலைமுறையாகக் கையால் பூட்டு செய்யும் தொழிலாளிக்கு இந்தப் படத்தைக் காட்டினால், ஒரு நிமிடத்தில் புரிந்துகொள்வார். நெம்பும் விசையை எதிர்த்து நிற்கும் தாழ், உரிய சாவிக்கு மட்டும் இணங்கும் நெம்புகோல் என்பதெல்லாம் அவருக்கு அன்றாடம்.

தரையில் இருந்தவரை இந்தப் பூட்டைப் பழுதுபார்க்க ஆள் போகலாம். கடலுக்குள் கிணறு இறங்கியபோது அது முடியாமற்போனது. 1961இல் ஷெல் நிறுவனம் மெக்சிகோ வளைகுடாவில் கடலடித் தரையிலேயே கிணற்றுவாய்க் கருவிகளைப் பொருத்தி எண்ணெய் எடுத்தது. வால்வுகளும் கிளைக்குழாய்களும் அடுக்கிய அந்த அமைப்புக்குத் தொழிலாளர்கள் வைத்த பெயர் 'கிறிஸ்துமஸ் மரம்'. ஒவ்வொரு பத்து மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடும். ஆயிரத்து ஐந்நூறு மீட்டரில் ஏறத்தாழ நூற்றைம்பது மடங்கு. முக்குளிப்பவர் அங்கே இறங்க முடியாது. மேலிருந்து இயக்கப்படும் எந்திரக் கைகள்தான் வால்வைத் திருப்ப வேண்டும்.

இது நமக்குத் தொலைவான செய்தியன்று. தமிழகக் கரைக்கு அப்பால், காவிரிப் படுகையின் கடற்பகுதியில் பிஒய்-3 என்ற வயலில் 1997 முதல் 2011 வரை கடலடிக் கிணற்றுவாய்கள் மூலம் எண்ணெய் எடுக்கப்பட்டது. 2009இல் கிருஷ்ணா - கோதாவரிப் படுகையின் ஆழ்கடலில் வாயு உற்பத்தி தொடங்கியது. அதே படுகையின் வேறொரு ஆழ்கடல் வயலில் 2024 ஜனவரியில் ஓஎன்ஜிசி எண்ணெய் எடுக்கத் தொடங்கியது.

எத்தனை கனத்த பூட்டும் தோற்கும் என்பதை 2010 ஏப்ரல் 20 காட்டியது. மெக்சிகோ வளைகுடாவில் ஏறத்தாழ 1,500 மீட்டர் நீருக்கடியில் இருந்த மெக்காண்டோ கிணற்றின் அடியில் சிமெண்ட் அடைப்பு நம்பியபடி தாங்கவில்லை. டீப்வாட்டர் ஹொரைசன் மேடை வெடித்து 11 பேர் மாண்டனர். கடலடியில் 300 டன்னுக்கும் மேல் எடையுள்ள பீறிடல் தடுப்பான் இருந்தது. ஆனால், உள்ளே துளைக்குழாய் வளைந்து நடுவிலிருந்து விலகியிருந்ததால், கத்திக் கட்டைகளால் அதை முழுவதும் வெட்ட இயலவில்லை. கசிவைப் பிடிக்க இறக்கிய பெரிய இரும்புக் கூண்டைக் கடலடிக் குளிரில் வாயுவும் நீரும் சேர்ந்து உறைந்த பனிக்கட்டி போன்ற பொருள் அடைத்துவிட்டது. எண்ணெய் நின்றது 87 நாள்கள் கழித்துத்தான்.

நம் நாட்டிலும் உதாரணங்கள் உண்டு. கிழக்கு கோதாவரியின் பாசர்லபுடியில் 1995 ஜனவரி 8 அன்று பற்றிய கிணறு 65 நாள்கள் எரிந்தது. அஸ்ஸாமின் பாக்ஜானில் 2020 மே மாதம் பீறிட்ட வாயுக் கிணறு பின்னர் தீப்பிடித்து, தீயணைப்பு வீரர்கள் இருவரின் உயிரைப் பறித்தது. அது முற்றிலும் அடங்க நவம்பர் ஆயிற்று. பராமரிப்புப் பணியின்போது, மாற்றுத் தடுப்பு உறுதிப்படும் முன்னரே பீறிடல் தடுப்பான் அகற்றப்பட்டதே காரணம். இந்த விபத்துகள் ஒவ்வொன்றுக்கும் பிறகு விசாரணைகளும் விதிகளும் வந்தன. எண்ணெய்க் கிணறு கைவிடப்படும்போது அதன் உள்ளே சிமெண்ட் அடைப்புகளை வைத்து, சோதித்து, வாயை வெட்டி மூடி, ஆவணப்படுத்த வேண்டும் என்பது இன்று அத்தொழிலின் விதி. அந்த விதிகளும் மீறப்படுவது உண்டு என்றாலும், மூடுவதற்கென்று செலவும் பொறுப்பும் முன்கூட்டியே குறிக்கப்பட்டுவிடுகின்றன.

தண்ணீர்த் துளைக்கு ஏன் இப்படி நடக்கவில்லை? அது பீறிடாது, தீப்பிடிக்காது. மூடாமல் விட்டவரை அது உடனே தண்டிப்பதில்லை. அமைதியாகப் புல் மூடிக் காத்திருக்கும்.

திண்டுக்கல்லிலிருந்து திருச்சி செல்லும் இருப்புப்பாதையில் உள்ளது மணப்பாறை. அதனருகே நடுக்காட்டுப்பட்டியில் 2019 அக்டோபர் 25 மாலை, கைவிடப்பட்ட துளை ஒன்றில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது. முதலில் சுமார் 26 அடியில் சிக்கியிருந்த குழந்தை, மீட்பு முயற்சிகளுக்கிடையே சுமார் 88 அடி ஆழத்துக்குச் சரிந்தது. தமிழகம் அந்தத் தீபாவளியைத் தொலைக்காட்சிப் பெட்டிகளின் முன் கழித்தது. பக்கத்தில் ஒரு மீட்டர் அகலத்தில் இணைத்துளை தோண்ட ஒரு ரிக் எந்திரம் வந்தது. பாறை அதைத் திணறடித்தது. அதைவிட ஆற்றல் மிக்க இன்னொன்று வந்தது, அதுவும் தவழ்ந்தது. 29ஆம் தேதி அதிகாலை குழந்தையின் உடலைத்தான் மேலே கொண்டுவர முடிந்தது.

அப்போது பலரும் கேட்ட கேள்வி: செவ்வாய்க்கும் நிலவுக்கும் கலம் அனுப்பும் நாட்டில் ஒரு குழந்தையை மீட்கக் கருவி இல்லையா? கேள்வியின் வேதனை புரிகிறது. ஆனால், கேள்வி தவறான இடத்தில் நிற்கிறது. சில அங்குல அகலத் துளையைப் பாறையில் இடுவதும், மனிதர் இறங்கும் அளவுக்கு ஒரு மீட்டர் துளையிடுவதும் ஒன்றல்ல. அகலம் எட்டு மடங்கானால் நொறுக்க வேண்டிய பாறையின் அளவு அறுபத்துநான்கு மடங்காகிறது. அதோடு, அதிர்வு குழந்தையை மேலும் கீழே சரித்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மீட்புக் கருவி முயற்சிகளைப் பாராட்டலாம். மதுரையைச் சேர்ந்த மணிகண்டன் உருவாக்கிய கருவியைப் போன்றவற்றை மேம்படுத்த அரசு பொருள் ஒதுக்குவதும் நல்லதே. எனினும், கருங்கல்லுக்குள் 88 அடியில் நடக்கும் போராட்டத்தில் காலம் எப்போதும் குழந்தைக்கு எதிராகவே ஓடும். வெல்லக்கூடிய இடம் துளையின் வாய் மட்டும்தான்.

அந்த வாயை எப்படி மூடுவது என்பதை உச்சநீதிமன்றம் 2010லேயே விரிவாகச் சொல்லிவிட்டது. துளையிடுவதற்கு 15 நாள்கள் முன்பே நில உரிமையாளர் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். துளையிடும் நிறுவனம் பதிவு பெற்றிருக்க வேண்டும். குழாயைச் சுற்றி அரை மீட்டர் சதுரத்தில், தரைக்கு மேல் 30 சென்டிமீட்டரும் கீழ் 30 சென்டிமீட்டருமாகச் சிமெண்ட் மேடை வேண்டும். வாய்க்கு எஃகுத் தகடு பற்றவைக்கப்பட வேண்டும், அல்லது போல்ட் போட்டு மூடி இறுக்கப்பட வேண்டும். கைவிடும் துளையை அடியிலிருந்து தரைமட்டம் வரை களிமண், மணல், கூழாங்கல், தோண்டிய கல்தூள் ஆகியவற்றால் நிரப்ப வேண்டும். தமிழ்நாட்டிலும் ஊராட்சிப் பகுதிகளுக்கென 2015இல் விதிகள் வகுக்கப்பட்டன. மணப்பாறைத் துயரம் நிகழ்ந்தபோது இவை அனைத்தும் நடைமுறையில் இருந்தன. இதற்கிடையே, மாநிலம் முழுமைக்குமாக 2003இல் இயற்றப்பட்ட நிலத்தடி நீர்ச் சட்டம் செயல்பாட்டுக்கே வராமல் 2013இல் விலக்கிக்கொள்ளப்பட்டது.

மூடாத துளையின் தீங்கு விழுவதோடு முடிவதில்லை. திண்டுக்கல்லுக்கு இது நன்றாகவே தெரிந்திருக்க வேண்டும். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் நகரைச் சுற்றிய நிலத்தடி நீரில் உப்பு மிகுந்திருப்பதை ஹைதராபாத் தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தின் அறிவியலாளர்கள் 2000களில் ஆராய்ந்து வெளியிட்டனர். கழிவு முதலில் சேர்வது மேல்மட்ட நீரில். அதற்கும் ஆழத்து விரிசல்களில் உள்ள நீருக்கும் இடையே பாறை ஓரளவு தடுப்பாக இருக்கிறது. அந்தத் தடுப்பை நாமே நூறு இடங்களில் குத்தித் திறந்திருக்கிறோம். நம் ஊரில் குழாய் உறை மேல்மண் முடிந்து பாறை தொடங்கும் இடம் வரைதான் இறங்குகிறது. அதற்கும் துளைச் சுவருக்கும் இடையிலான சந்தில் பெரும்பாலும் சிமெண்ட் கரைசல் ஊற்றப்படுவதில்லை. மேலேயுள்ள அழுக்கு நீர் அந்தச் சந்து வழியே ஆழத்துக்கு இறங்க ஏணி கிடைத்துவிடுகிறது. எண்ணெய்க் கிணற்றில் அந்தச் சந்தை அடைப்பதுதான் முதல் பாடம். மெக்காண்டோவில் தவறியதும் சிமெண்ட்டில்தான்.

பயனற்ற துளைகளை மழைநீர் சேகரிப்புக்கு மாற்றலாம் என்ற யோசனை அடிக்கடி முன்வைக்கப்படுகிறது. நல்ல யோசனை, ஆனால், வடிகட்டும் குழி இல்லாமல் தெருநீரையோ தொழிற்சாலை ஓரத்து ஓடைநீரையோ நேரே உள்ளே விடுவது மேற்சொன்ன தீங்கை விரைவுபடுத்துவதாகும். ஆலைகளுக்கு அருகே உள்ள துளைகளை நிரப்பி மூடுவதே பாதுகாப்பு.

விதிகள் இருந்தும் நடக்காததற்குக் காரணம் பொறுப்பு யாருடையது என்ற இடத்தில் உள்ள ஓட்டை. கடன் வாங்கிப் போர் போட்டு, தண்ணீர் வராமல் மனமுடைந்து நிற்கும் விவசாயியிடம், இப்போது இன்னொரு செலவு செய்து இதை மூடு என்று சொல்கிறோம். இறக்கிய குழாயையும் உருவி விற்றால் கொஞ்சம் பணம் திரும்பும் என்று அவர் நினைப்பதில் வியப்பில்லை. குழாய் உருவப்பட்ட துளையோ இன்னும் ஆபத்தானது. விளிம்பு சரிந்து வாய் அகன்றுவிடும். ஆகவே, மூடும் செலவு தோல்விக்குப் பின் வரும் தனிச்செலவாக இருக்கக் கூடாது. அடிக்கு இவ்வளவு என்று பேசும் கூலியிலேயே, துளை தோற்றால் அதே வண்டிக்காரர் அன்றே கல்தூளைக் கொட்டி நிரப்பிவிட்டுத்தான் கோபுரத்தை மடக்க வேண்டும் என்பது சேர வேண்டும். நிரப்பத் தேவையான கல்தூள் அங்கேயே குவிந்து கிடக்கிறது, ஆள் இருக்கிறார், வண்டி நிற்கிறது. அடுத்த நாள் ஆகிவிட்டால் மூன்றும் இருக்காது. நிரப்பியதற்கான சான்றை இடக்குறியீட்டுடன் கூடிய புகைப்படமாக ஊராட்சியில் பதிவுசெய்த பிறகே வண்டியின் அடுத்த வேலைக்கு அனுமதி என்று வைத்தால், பதிவு பெற்ற நிறுவனங்களை ஒழுங்குபடுத்துவது கடினமன்று.

ஏற்கெனவே திறந்து கிடப்பவை தனிக் கணக்கு. எந்தத் தோட்டத்தில் எத்தனை துளை என்பது ஊரில் உள்ளவர்களுக்குத் தெரியும். அதிகாரிகளின் ஏட்டில்தான் இல்லை. கிராம நிர்வாக அலுவலர் அடங்கல் எழுதும்போது பயிரையும் கிணற்றையும் குறிப்பதுபோல் கைவிட்ட துளையையும் குறிக்கலாம். மோட்டார் கெட்டுத் தற்காலிகமாக நிறுத்தியவற்றுக்கு நிரப்பல் பொருந்தாது. அவற்றுக்குத் தேவை திருகி எடுக்க முடியாத இரும்பு மூடி. திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் நடுக்காட்டுப்பட்டித் துயரம் நடந்ததும் ஒரே 2019ஆம் ஆண்டில்தான். வேலை குறைந்து, இளைஞர்கள் விலகிச் செல்லும் அந்தப் பட்டறைகளுக்கு, மாவட்ட நிர்வாகம் ஆறரை அங்குலக் குழாய்க்குப் பொருந்தும் சாவியிட்ட மூடிகளைச் செய்துதரச் சொல்லி ஒரு கொள்முதல் ஆணை கொடுத்துப் பார்க்கலாம். சாவி ஒன்று உரிமையாளரிடமும் மற்றொன்று ஊராட்சி அலுவலகத்திலும் இருக்கட்டும்.